கோபுரம் தெரிகிற மொட்டை மாடி யாருடையது?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்களை அடையாளம் காட்டுகிற விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு மஸ்கட்டில் வேலை. பதினாறு வருடமாக வாடகை வீடு. சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவர் என்பதால், வாங்கினால் கோயிலுக்குப் பக்கத்தில்தான் என்று பிடிவாதம். ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், தேக்குத் தூணும் முற்றமும் உள்ள பழைய வீட்டை ஐந்து வீடுகளாகத் தடுத்து விற்கிறார்கள். மனை ஆறு சென்ட். கீழே மூன்று, மாடியில் இரண்டு. இவர் பார்த்திருப்பது மாடியில் முன்பக்கத்து வீடு: 850 சதுர அடி, அதற்கு மேலே 700 சதுர அடி ‘தனி டெரஸ்’. மொத்தம் 62 லட்சம். அதில் 14 லட்சம் டெரஸுக்கு என்று தரகரே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஏறி நின்றால் தெற்குக் கோபுரம் முழுசாகத் தெரிகிறது.

வீடு 1951-இல் விற்பவரின் தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 1984-இல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி அதற்குப் பிறகு. மூன்று மகன்கள், ஒரு மகள். 1996-இல் மகன்கள் மூவரும் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக் கூர்ச்சீட்டு (யாருக்கு எது என்ற பாகக் குறிப்பு) எழுதி வைத்துக்கொண்டார்கள். இப்போது விற்பவர் அதில் ஒரு மகனின் வாரிசு. அப்பா இறந்துவிட்டதால் அம்மா, தங்கையோடு சேர்ந்து கையெழுத்துப் போடத் தயார். சிவகாசியில் இருக்கும் அத்தை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வாசகி 20 ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதி மூன்று லட்சம் ரொக்கமாகக் கொடுத்து நாற்பது நாள் ஆகிறது. கெடு தொண்ணூறு நாள். “டெரஸ் எனக்கே சொந்தமாகுமா, மேலே இன்னொரு மாடி போடலாமா, பாரம்பரியக் கட்டடம் என்பதால் யாரும் இடிக்க முடியாது என்பது உண்மையா, அத்தையின் கையெழுத்து அவசியமா?” என்று கேட்கிறார். எழுதப்போகும் விற்பனைப் பத்திரத்தின் வரைவு நகலையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

கடிதத்தில் பாதிக்கு மேல் அந்த மாடியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. மேல மாசி வீதியில் என் தாத்தா வீட்டு மட்டப்பாவில் சித்திரைத் தேரன்று நாற்பது பேர் உட்கார்ந்திருப்போம். அதில் முப்பது பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அந்த வயதில் மாடி யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்த பிறகு இதே வட்டாரத்தில் ஒரு மாடிக் கதவின் பூட்டுக்காக இரண்டு குடும்பங்கள் எட்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு நானே வக்கீல். அதனால் கோபுரத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு நகல் பத்திரத்தைப் பார்ப்போம்.

ஒரே ஒரு சொல்

நகலின் ஐந்தாம் பக்கம், சொத்து விவரத்தில் வீட்டின் நான்கு மாலும், அதாவது நான்கு எல்லையும், அளவோடு எழுதியிருக்கிறது. முடிவில் “மேற்படி வீட்டின் மேலுள்ள மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ளும் பாத்தியமும் சேர்ந்தது” என்று ஒரு வரி. நீங்கள் 14 லட்சம் கொடுப்பது இந்த வரிக்குத்தான்.

‘பயன்படுத்திக்கொள்ளும் பாத்தியம்’ என்றால் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அது சொந்தம் என்று அர்த்தமில்லை. உங்களுக்கு மட்டும் என்றும் அர்த்தமில்லை. பின்கட்டு வீட்டுக்காரருக்கும் இதே வரியை எழுதிக் கொடுத்தால், இரண்டு பத்திரமும் ஒன்றுக்கொன்று முரண்படாது. வீட்டுக்கு நான்கெல்லை எழுதியவர்கள் மாடிக்கு அளவும் எழுதவில்லை, எல்லையும் எழுதவில்லை. மறதியாக இருக்கலாம். இருபது வருடமாகப் பத்திரம் பார்க்கிறவன் என்ற முறையில், விலை பேசிய பொருளை எழுத மறப்பது அபூர்வம் என்று மட்டும் சொல்கிறேன்.

பல பேர் சேர்ந்து உரிமை கொள்ளும் கட்டடத்தில் மொட்டை மாடி பொதுவில் சேர்ந்தது என்பதே சட்டத்தின் பொதுவான பார்வை. ‘ரெரா’ என்று நாம் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், பொதுப் பகுதிகளின் பட்டியலில் மொட்டை மாடியையும் சேர்த்தே சொல்கிறது. அதே சட்டம் ஒரு வீட்டோடு ஒட்டிய, அந்த வீட்டுக்கு மட்டுமான திறந்த டெரஸ் என்பதையும் தனியாக ஒத்துக்கொள்கிறது. ஆகவே தனி டெரஸ் என்பதே சட்டத்தில் கிடையாது என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. இருக்கலாம், ஆனால் எழுத்தில் ஒதுக்கியிருக்க வேண்டும், ஒதுக்குகிற உரிமை உள்ளவர்கள் ஒதுக்கியிருக்க வேண்டும். எட்டு வீட்டுக்கு மேல் போகாத கட்டடத்துக்கு ரெராவில் பதிவு தேவையில்லை என்பதால், ஐந்தே வீடுள்ள உங்கள் விஷயத்தில் ரெரா அதிகாரிகள் எதையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

நகலில் மாற்ற வேண்டியது இது: மாடியை வரைபடத்தில் தனி நிறத்தில் காட்டி, நீள அகலம், நான்கெல்லை போட்டு, “இந்த வீட்டைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது, மற்ற வீட்டுக்காரர்களுக்கு இதில் எந்தப் பாத்தியமும் இல்லை” என்று எழுத வேண்டும். மற்ற நான்கு வீட்டுக்கு உரிமை உள்ளவர்களும் அதில் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே விற்ற வீடு ஏதாவது இருந்தால் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்கிப் பாருங்கள். அவர்களுக்கு இதே மாடியை முதலில் எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்குக் கொடுக்க விற்பவர் கையில் மிச்சம் எதுவும் இல்லை.

சிண்டெக்ஸும் வடகமும்

கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வீட்டுக்குமான இரண்டு தண்ணீர்த் தொட்டியும் ‘உங்கள்’ மாடியில்தான் இருக்கின்றன. நீங்கள் பார்க்கப் போன அன்று பின்கட்டுப் பாட்டி அங்கே வேட்டியை விரித்து வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாட்டி அழகாகப் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எத்தனை வருடமாக அங்கே காயப்போடுகிறார் என்று கேட்டீர்களா?

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவர் மற்றவர் இடத்தை இருபது வருடம் இடையூறில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தி வந்தால் அந்தப் பயன்பாடே பாத்தியமாகிவிடலாம். வடகத்துக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். தண்ணீருக்குப் போடுவார்கள். தொட்டியைக் கழுவ, குழாய் அடைப்பு எடுக்க, மோட்டார் வால்வைத் திருப்ப ஆட்கள் உங்கள் மாடிக்கு வந்துபோவதை எந்தக் கோர்ட்டும் தடுக்காது. ஒன்று, தொட்டியை மாடிப்படியின் மேல்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த மூலையையும் அதற்குப் போகும் மூன்றடி வழியையும் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் விலை பேசுங்கள். மாடிப்படி பொது என்பதும் பத்திரத்தில் வர வேண்டும். படி வேறொருவர் பாகத்தில் இருந்துவிட்டால் ஏணி வைத்துத்தான் ஏற வேண்டியிருக்கும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கூடவே ஒன்று. அந்தத் தளம் கான்கிரீட் அல்ல. தேக்குக் கட்டை அடுக்கி, மேலே செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்பு போட்டு, தட்டோடு பதித்த மட்டப்பா. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். நீங்கள் ஆசைப்படுகிற மாடித் தோட்டத்து மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடம் தெரிந்த சிவில் இன்ஜினியரைக் கூட்டிப்போய், சுவருக்குள் போகிற கட்டை நுனிகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் பிடிக்கும். மாடி உங்களுக்கு மட்டும் என்று எழுதி வாங்கினால், ஒழுகுகிற செலவும் உங்களுக்கு மட்டும்தான்.

மேலே இன்னொரு மாடி

முடியாது. போடலாம் என்று தரகர் சொன்னதை இங்கேயே மறந்துவிடுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் ஒன்பது மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. ஒன்பது மீட்டர் என்றால் சுமார் இருபத்தொன்பதரை அடி. நீங்கள் தந்த அளவுப்படி திண்ணை உயரம் இரண்டரை அடி, கீழ்த்தளம் பன்னிரண்டு, மாடி பன்னிரண்டு. இப்போதே இருபத்தாறரை ஆகிவிட்டது. மிச்சம் இருக்கிற மூன்றடியில் புறாக்கூடுதான் கட்டலாம். அந்த வட்டாரத்தில் உயரமாக நிற்கிற லாட்ஜுகளைக் காட்டி “அவங்க கட்டலையா?” என்பார்கள். அவற்றில் சில கோர்ட்டு வரை போனவை. நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

இந்தக் கட்டுப்பாட்டில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. உங்களுக்கும் கோபுரத்துக்கும் நடுவே புதிதாக எவரும் சட்டப்படி உயரமாக எழுப்ப முடியாது.

‘ஹெரிடேஜ்’ என்பது விளம்பரச் சொல்

பழைய வீடு எல்லாம் சட்டத்தின் கண்ணில் பாரம்பரியக் கட்டடம் ஆகிவிடாது. திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அதற்கென்று சட்டமும் அறிவிக்கையும் உண்டு. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் வந்தது. இப்படி ஏதாவது ஒரு சட்டத்தின் கீழ் முறைப்படி பட்டியலில் ஏறினால்தான் பாதுகாப்பும் கட்டுப்பாடும் வரும். இன்டாக் போன்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள் பழைய வீடுகளைப் படம் எடுத்து ஆவணப்படுத்துவது நல்ல காரியம். ஆனால் அந்தப் பட்டியலுக்குச் சட்ட பலம் கிடையாது. நீங்கள் அனுப்பிய தாள்களில் எந்த அரசு அறிவிக்கையும் இல்லை. இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் நகல் கேளுங்கள். அப்படி இருந்துவிட்டால் ஜன்னல் மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டி வரலாம்.

பட்டியலில் இல்லையென்றால் அந்தக் கட்டடத்தை இடிக்கலாம். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழி செய்திருக்கிறது. ஐந்து வீட்டில் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் உங்கள் ஒருவருடைய ‘வேண்டாம்’ நிற்காது. அன்றைக்குக் கணக்கில் வருவது மனையில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கு, யுடிஎஸ். இடித்த கட்டடத்தின் மொட்டை மாடிக்கு யார் என்ன கொடுப்பார்கள்?

அதனால் நகலில் உள்ள யுடிஎஸ்ஸைக் கணக்குப் பார்த்தேன். ஆறு சென்ட் என்றால் 2,614 சதுர அடி. ஐந்து வீட்டின் மொத்தக் கட்டடப் பரப்பு 4,250 என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது 850, சரியாக ஐந்தில் ஒன்று. மனையிலும் ஐந்தில் ஒன்று என்றால் சுமார் 523 சதுர அடி வர வேண்டும். நகலில் இருப்பது 310. மீதி 213 சதுர அடியை ஏன் கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். மாடியைப் பற்றி எழுதிய நாலு பக்கத்தில் இந்த எண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

சீர் செய்தாச்சு, பங்கு எதுக்கு?

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை இதுதான். “அத்தைக்கு அந்தக் காலத்திலேயே சீர் செனத்தி எல்லாம் செஞ்சாச்சு, 1975-ல கல்யாணம் ஆகிப் போனவங்களுக்குப் பங்கு இல்லை” என்று தரகர் சொன்னதை நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். இங்கே இரண்டு சட்டத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள்.

கல்யாணத் தேதியைப் பார்ப்பது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில், தமிழ்நாட்டின் 1989 திருத்தத்தை வைத்து. 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. உங்கள் விஷயம் அந்த வகையே அல்ல. வீடு தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியம். உயில் இல்லாமல் இறந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. கல்யாணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே எழாது. பாட்டியின் பங்கும் பிறகு நாலு பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியிருக்கும். கணக்கு முடிந்தால் அத்தைக்குக் கால் பங்கு, ஆறு சென்டில் ஒன்றரை சென்ட். குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்று பழைய சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதையும் 2005-இல் நீக்கிவிட்டார்கள். சீர் கொடுத்தது பாசத்துக்கு. பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

1996 கூர்ச்சீட்டில் அண்ணன் தம்பிகள் மூவர்தான் கையெழுத்து. இல்லாதவருடைய பங்கை அவர்கள் மூவரும் பிரித்துக்கொள்ள முடியாது. நாளை அத்தையோ அவர் பிள்ளைகளோ பாக வழக்குப் போட்டால் நீங்களும் பிரதிவாதி. சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவு இன்னொரு சங்கடம் வைத்திருக்கிறது: பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கினால், அவர் அந்தக் குடும்பத்தோடு கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது. பாகம் பிரிந்ததே கேள்விக்குறி ஆனால் இந்தப் பிரிவை உங்கள் மேல் எடுத்துவிடுவார்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காது. அதில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அத்தையின் வாரிசுரிமையும் அதில் ஏறாது. பதிவு அலுவலகம் டைட்டில் சரியா என்று தீர்ப்புச் சொல்லும் இடமும் அல்ல. வங்கி லோன் கொடுக்கிறது என்பதும் வங்கியின் பணத்துக்கான சமாதானம்தான்.

அத்தை விற்பவர்களில் ஒருவராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவதே சுத்தமான வழி. மற்ற இரண்டு சித்தப்பா, பெரியப்பா வகையறாவும் சேர்ந்து, 1996 பாகத்தை இப்போது எல்லோருமாகப் பதிவு செய்த பத்திரமாக்கினால் இன்னும் நல்லது. டெரஸ் சம்மதமும் அதே மேசையில் முடிந்துவிடும். கோயிலுக்கு இவ்வளவு பக்கம் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள்: 1951 தாய்ப்பத்திரத்தில் ‘அடிமனை’ என்ற சொல் எங்காவது வருகிறதா? மனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் இவர்களுக்கும் என்று இருந்தால், அறநிலையத் துறை அனுமதியில்லாமல் மனையை விற்க முடியாது. நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கொடுத்த மூன்று லட்சம்

தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். உங்களுடையது பதியாதது. செல்லாக்காசு என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கில் அதைக் காட்ட இடமுண்டு. ஆனால் வில்லங்கத்தில் ஏறாததால் இதே வீட்டை இன்னொருவருக்குப் பேசினாலும் அவருக்குத் தெரியாது. எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதியலாம். இன்னும் நாள் இருக்கிறது. ரொக்கம் கொடுத்தது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். சொத்து பேரத்தில் இருபதாயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. அபராதம் வாங்கியவருக்குத்தான், ஆனால் கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். இன்றே விற்பவருக்கு வாட்ஸ்அப்பில், “மூன்று லட்சம் வந்ததை உறுதி செய்யுங்கள்” என்று எழுதிப் பதில் வாங்கி வையுங்கள். இனி எல்லாம் வங்கி வழியாக மட்டும்.

கெடு முடிவதற்குள் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் போக வேண்டும். நான் வாங்கத் தயார், பணமும் தயார்; அத்தையின் கையெழுத்து, மாடியின் எல்லை, யுடிஎஸ் கணக்கு இந்த மூன்றையும் சரிசெய்து தாருங்கள், அதுவரை கெடுவை நீட்டுங்கள் என்று. தயாராக இருந்தது நீங்கள் என்பது எழுத்தில் இருந்தால், பேரம் முறிந்தாலும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க உங்கள் கை ஓங்கியிருக்கும். சும்மா கெடுவைத் தாண்டவிட்டால் “அவங்கதான் வரலை” என்று மூன்று லட்சத்தை அமுக்கிக்கொள்ள வாய்ப்பு.

பணக் கணக்கில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு ஒன்பது. 62 லட்சத்துக்கு 5,58,000 ரூபாய். விலை ஐம்பது லட்சத்தைத் தாண்டுவதால் ஒரு சதவீதம், 62,000 ரூபாய், விற்பவர்கள் பங்கில் பிடித்து நீங்கள் வருமான வரியாகக் கட்ட வேண்டும். பத்திரத்தில் நாற்பது லட்சம் மட்டும் காட்டலாம் என்று கடைசி வாரத்தில் யாராவது வந்து பேசுவார்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கலாமா வேண்டாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அத்தை கையெழுத்துப் போட்டு, 523 சதுர அடி எழுதி, மாடிக்கு எல்லை போட்டால் வாங்குங்கள். மாடிக்குச் சொன்ன 14 லட்சத்தையும் குறைத்துப் பேசி வாங்குங்கள். அத்தை வரமாட்டார் என்று தெரிந்தால் மூன்று லட்சத்தை மீட்டுக்கொண்டு வேறு சந்தில் தேடுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது? விற்பவரிடம் கேட்க வேண்டாம். வருகிற சனிக்கிழமை காலை பின்கட்டுப் பாட்டி வடகம் எடுத்துக்கொண்டு ஏறும் நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள். சாவி அவர் முந்தானையில் முடிந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நோட்டீஸை அதற்குத் தகுந்தாற்போல் மாற்ற வேண்டியிருக்கும்.